நிறுத்தி வைத்த காற்று

அருணா ஏசி வாங்க மாட்டேன் என்று இரண்டு கோடையாகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டோடு நிற்கிற பிடிவாதமில்லை, ஊருக்கே தெரிந்த பிடிவாதம். ஊராட்சியின் குப்பைத் திட்டத்துக்கு அவளை ஊக்குநராகப் போட்டு மூன்று வருடமாகிறது. காலை ஏழு மணிக்குப் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவாள். மக்குகிறதையும் மக்காததையும் கலந்து வைத்திருக்கிற வீட்டு வாசலில், பிரித்துக் கொடுக்கிறவரை நகராமல் நிற்பாள். குடியரசு தினக் கிராம சபையில் மைக்கைப் பிடித்து, "வெயில் ஏற ஏற ஏசி வாங்கறோம். ஏசி வாங்க வாங்க வெயில் ஏறுது. எவனாச்சும் ஒருத்தன் நிறுத்தணும் இல்ல? எங்க ஊட்ல நாங்க நிறுத்திட்டோம்" என்று பேசினாள். அதை யாரோ செல்போனில் எடுத்துப் போட, அது சிப்காட் வரைக்கும் போய்ச் சுற்றியது.

சிப்காட்டில்தான் அவள் புருஷன் தணிகைவேலுக்கு வேலை. இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் பதினாலு வருடமாக உலைமேடை ஆள். பழைய இரும்பு கிரேனில் வந்து உலையில் விழும். அது உருகிக் கொதிக்கும்போது மேலே ஆடையாகப் படிகிற கசடை நீளக் கம்பியால் வழித்தெடுக்க வேண்டும். முகத்துக்கு நேரே ஆயிரத்து அறுநூறு டிகிரி. ஒரு தடவை உருக்கி ஊற்றி முடித்தால் அதற்கு ஒரு ஹீட்டு என்று பேர். ஷிப்டுக்கு நாலு ஹீட்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி.

ராத்திரி ஷிப்டு வருகிற வாரத்தில்தான் வீட்டில் சண்டை. காலை ஏழு மணிக்கு வந்து, அம்மா கெங்கம்மாள் கரைத்து வைக்கிற கேழ்வரகுக் கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, தணிகைவேல் படுக்கப் போவான். வெறும் கான்கிரீட் மாடி, மேலே நிழல் கிடையாது. பத்து மணிக்கே அறைக்குள் அடுப்பு மூட்டினது மாதிரி இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டையே அள்ளி அள்ளி முகத்தில் வீசும். துண்டை நனைத்துத் தரையில் விரித்து அதன் மேல் புரளுவான். கால் மணியில் துண்டு காய்ந்துவிடும்.

"ஒண்ணே ஒண்ணு, அருணா. பகல்ல தூங்கறதுக்கு மட்டும்."

"மைக்குல பேசிட்டு வந்து ஊட்ல ஏசி மாட்டிகினா, நாளைக்கு எவ எனக்குக் குப்பையப் பிரிச்சுக் குடுப்பா?"

"நாங்க ஒரு ஹீட்டு எடுக்கற கரண்ட்டுல இந்த ஊரு ஒரு வாரம் ஓடும். அத்த உட்டுட்டு என் தலைமாட்டுல ஓடறத எண்ணிகினு கீற."

"அது அவங்க பாவம்யா. நம்ம பாவத்த நாம பாப்போம்."

மாமனார் ராஜமாணிக்கம் இதில் யார் பக்கமும் சேரமாட்டார். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் போடுகிறவர் அவர். போன தை மாதம், மழையே வரக்கூடாத காலத்தில் மூன்று நாள் கொட்டி, அறுக்கிற பதத்தில் இருந்த கதிரையெல்லாம் சாய்த்து முளைக்க விட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறமும் அவர் வார்த்தை மாறவில்லை. "காலம் மாறிப்போச்சு, மாறிப்போச்சுன்றீங்க. அது எப்ப மாறாம இருந்துச்சு? மானம் நம்ம பேச்சக் கேட்டா பெய்யுது? நீ பிளாஸ்டிக் கவரு வாங்காததுக்கு அது எறங்கி வரப்போவுதா?" என்பார்.

"எம்புள்ள தூங்கணும். எனக்கு அவ்ளோதான் தெரியும்" என்பாள் கெங்கம்மாள்.

கத்திரி வெயில் தொடங்கிப் பத்தாம் நாள். மகன் பரத் பள்ளிக்கூட லீவுக்கு ஆர்.கே.பேட்டையில் அருணாவின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தான். காலை ஐந்தரைக்கு அருணா வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தணிகைவேலோடு உலைமேடையில் வேலை செய்கிற கலியன்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணன் மயங்கி உயுந்துட்டாரு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு வந்துட்டோம். நீங்க வாங்க."

ஈரக் கையோடு ஸ்கூட்டியை எடுத்தாள். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்கிற இருபது நிமிடமும், என்ன நினைத்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

தணிகைவேலை ஒரு கட்டிலில் போட்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்திருந்தார்கள். கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் சதை தானாக இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டது. கலியன் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தான். நர்ஸ் ஜெபா, அருணா வயதுதான் இருக்கும், கேஸ் சீட்டோடு வந்து நின்றாள்.

"கொண்டாந்தப்ப ஒடம்புச் சூடு நூத்தி அஞ்சு இருந்துச்சுக்கா. இப்ப எறங்கிடுச்சு. பகல்ல எவ்ளோ நேரம் தூங்குவாரு?"

"ரெண்டு மணி நேரம். மூணு."

"ஊடு இன்னா, ஓட்டு ஊடா?"

"மாடிதான்."

ஜெபா அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு திட்டுகிற குரலில் இல்லாமல், விளக்குகிற குரலில் சொன்னாள். "உலைல வேல செய்யற ஒடம்புக்கா இது. ஊட்டுக்கு வந்து சூட்ட எறக்கி வெச்சாத்தான் மறுநா தாங்கும். இவரு எறக்கவே இல்ல. நேத்து சூட்டு மேல இன்னிக்கு சூட்ட ஏத்திகினே போயிருக்காரு. கிட்னி டெஸ்ட்டுல உப்பு கொஞ்சம் ஏறிகீது. ரெண்டு வாரம் வேலைக்கு அனுப்பாதீங்க. இன்னொரு வாட்டி இப்டி வந்தா, எங்க கைல ஒண்ணும் இல்ல."

அருணா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மைக்கில் பேசிய தன் குரலே அவள் காதில் கேட்டது. எங்க ஊட்ல நாங்க நிறுத்திட்டோம். எதை நிறுத்தினேன், எவன் தலையில் நிறுத்தினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அழுகை வரவில்லை. அவன் கண் திறந்ததும் ஏதாவது சொல்வான், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் கண் திறந்து, "பையனுக்குச் சொல்லாத. ஓடியாந்துருவான்" என்றான், அவ்வளவுதான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானமே பஜாரில் கடைக்குப் போனாள். கரண்ட்டைக் குறைவாகக் குடிக்கிறது எது என்று கேட்டு, அதையே எழுதச் சொன்னாள். மறுநாள் காலை தணிகைவேலை வீட்டுக்குக் கூட்டி வருவதற்கும், மினி லாரியில் ஏசி வந்து வாசலில் இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

எதிர்வீட்டு முத்தம்மாள் பார்க்காமல் இருப்பாளா? அருணா நின்று பார்க்க இரண்டு தடவை வாசலில் குப்பையைக் கொட்டிப் பிரித்த மானக்கேடு அவளுக்கு மறக்கவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா அருணா, இது யார் ஊட்டுக்கு? விலாசம் மாறி எறக்கிட்டாங்களா?"

"எங்க ஊட்டுக்குத்தான்க்கா."

"நிறுத்திட்டோம்னு சொன்ன?"

"சொன்னேன். எம்புருஷன் செத்துப் பொழைச்சு வந்துகீறாரு. அதான் வாங்கிட்டேன். நான் சொன்னது பாதி தப்பு. ரெண்டு நாள் கழிச்சுக் காலைல ஏழு மணிக்கு வருவேன், உங்க குப்பையப் பிரிச்சு வையுங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல."

முத்தம்மாள் வாயில் வைத்திருந்த அடுத்த பேச்சை முழுங்கிவிட்டு, "உள்ள கூட்டிகினு போ. வெயில்ல நிக்கிறாரு" என்றாள்.

ஏசியை மாட்டியதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பதினோரு மணிக்கு மேல் அது முக்கும், முனகும், நின்றுவிடும். லைன்மேன் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வோல்ட்டேஜ் இல்லம்மா. இந்த ஒரு டிரான்ஸ்பார்மர்ல அம்பது ஏசி ஆயிடுச்சு. எல்லாம் ஒண்ணா போட்டா எங்கேர்ந்து வரும்?" என்று சொல்லிவிட்டுப் போனான். அருணாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பேசிய பேச்சில் மீதிப் பாதி அந்தக் கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு மூட்டை வாங்கிவந்து போட்டாள். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் அறைக்குள் நாலைந்து டிகிரி குறையும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தவள் தன் மாடிக்கு அடிக்கவில்லை.

"தரைக்கு யாராச்சும் சுண்ணாம்பு அடிப்பாங்களா?" என்றார் ராஜமாணிக்கம். ஆனால் விடிகாலையில் அவரே தொட்டியில் சுண்ணாம்பை நீற்றிக் கிண்டிக்கொண்டிருந்தார். "சும்மா அடிச்சா ரெண்டு மழைல போயிடும். கெங்கா, வடிச்ச கஞ்சிய எடுத்தா" என்று சத்தம் போட்டார். அவர் நம்பவில்லை. நம்பாத வேலையையும் ஒழுங்காகச் செய்கிற கை அது. ஐந்தரை மணிக்குத் தொடங்கினார்கள். மாடியைக் கூட்டிக் கழுவி, ஈரம் காய்வதற்குள் முதல் பூச்சு. கெங்கம்மாள் கஞ்சியும் சுண்ணாம்பும் கலந்து வாளி வாளியாக ஏற்றினாள். அருணா நீளத் துடைப்பத்தால் இழுத்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் மூன்று பூச்சு போட வேண்டும்.

ஏழு மணிக்குக் கலியன் வந்தான், ராத்திரி ஷிப்டு முடித்து நேராக, கையில் நாலு இளநீரோடு. கீழே தணிகைவேலைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தவன், சும்மா நிற்காமல் ஒரு துடைப்பத்தை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் இழுத்தபின், தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இங்க இன்னா பூசினாலும் அங்க காத்து இல்லியே அண்ணி."

"எங்க?"

"மேடைலதான். அண்ணன் சொல்லலியா? கசடு எடுக்கற எடத்துக்குப் பின்னால மேன் கூலருன்னு நாலு பெரிய ஃபேனு இருக்கும். வழிச்சுட்டுத் திரும்பி வந்து அது எதிர்ல நின்னாத்தான் உசுரு திரும்பும். மாசி மாசத்துலேர்ந்து மூணக் கட் பண்ணிட்டாங்க. கரண்ட்ட மிச்சம் புடிக்கிறாங்களாம். பச்சைல பெருசா போர்டு வெச்சுகீறாங்க, 'பூமியைக் காப்போம்'னு. பேனர்ல எல்லாரையும் கையெழுத்து வேற போடச் சொன்னாங்க."

அருணா துடைப்பத்தை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். சுண்ணாம்புக் காலோடு அறைக்குள் போனாள். தணிகைவேல் சுவரில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஃபேன நிறுத்திட்டாங்கன்னு ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

அவன் இளநீரைக் கீழே வைத்தான். "சொன்னா இன்னா சொல்லியிருப்ப? நல்லதுதானேன்னு சொல்லியிருப்ப. கரண்ட்டு மிச்சம்தானேன்னு. அந்தப் போர்டுல இருக்கறதும் நீ மைக்குல பேசறதும் ஒரே மாதிரி இருந்துச்சு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீயும் கையெழுத்துப் போட்டியா?"

"மொதக் கையெழுத்தே என்துதான். சீனியராச்சே."

அவள் எழுந்தாள். மேலே போய் மிச்சமிருந்த மூலையையும் இழுத்து முடித்தாள். கை கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்து, "நான் கம்பெனிக்குப் போறேன்" என்றாள்.

"வேணாம் அருணா. பதினாலு வருசம். இப்ப போயிப் பேசினா தூக்கி வெளில போட்ருவான்."

ராஜமாணிக்கமும் தடுத்தார். "ஊட்ல நெல்லும் இல்ல இந்த வருசம். அவன் சம்பளந்தான். பெரிய எடத்துப் பேஜாரு நமக்கு எதுக்கும்மா?"

"மாமா, நீங்க சொன்ன மாதிரி மானத்துகிட்ட என்னால கேக்க முடியாது. ஃபேன் சுவிட்சுகிட்ட ஒரு ஆள் இருக்கான் இல்ல, அவன்கிட்ட கேக்கலாம்."

கெங்கம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கேட்டில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு பர்சனல் ஆபீசர் மணவாளன் உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயது, மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"வாங்கம்மா. தணிகைவேல் எப்படியிருக்காரு? நல்ல வொர்க்கர். உங்க வீடியோகூட நான் பார்த்தேன். எங்க மீட்டிங்லயே போட்டுக் காட்டினோம். ஒரு கிராமத்துல ஒரு லேடி இவ்வளவு யோசிக்கிறாங்க, நாம யோசிக்க வேணாமான்னு."

அருணாவுக்குக் காது சுட்டது. "அதப் போட்டுக் காட்டிட்டுத்தான் ஃபேன நிறுத்தினீங்களா சார்?"

"அது மேனேஜ்மென்ட் டெசிஷன். எனர்ஜி சேவிங். மாசத்துக்கு எத்தனை யூனிட் குறைஞ்சிருக்கு தெரியுமா? உங்களுக்குப் புரியும், நீங்க இந்த ஃபீல்டுலயே இருக்கறவங்க."

"புரியுது சார். எங்க ஊட்ல நான் ஏசி வேணாம்னேன். அந்த சூட்ட நான் படல, எம்புருஷன் பட்டாரு. அது தப்புன்னு ஆஸ்பத்திரில கண்டுகினேன். நீங்களும் அதேதான் பண்ணிகீறீங்க. குறைக்கறதுன்னா தன் பங்குலேர்ந்து குறைக்கணும். அடுத்தவன் மூச்சுலேர்ந்து குறைச்சுட்டுப் பச்சைல போர்டு வைக்கக் கூடாது."

மணவாளன் பேனாவை மூடித் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கேட்டாள்: "இந்த ரூம்புல எத்தினில வெச்சிருக்க நைனா? எனக்குக் குளுருது."

சுவரிலிருந்த ஏசியில் பத்தொன்பது என்று எரிந்தது.

"நான் மேல சொல்றேம்மா" என்றார் மணவாளன். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஆனா இதை வெளியில கொண்டுபோனீங்கன்னா தணிகைவேலுக்குத்தான் கஷ்டம். யோசிச்சுக்குங்க."

ஒரு வாரம் யோசித்தார்கள். ஃபேன் ஓடவில்லை. எட்டாம் நாள் அருணா தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினாள். ஆஸ்பத்திரிச் சீட்டை நகல் எடுத்துச் சேர்த்தாள். கையெழுத்து வாங்கக் கலியன் மேடை ஆட்கள் ஆறு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தான். எல்லாரும் காண்ட்ராக்ட். வந்து வாசலிலேயே உட்கார்ந்து, கெங்கம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, காகிதத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

தணிகைவேல் உள்ளேயிருந்து வந்தான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த முகம். கூரை வெள்ளையானதிலிருந்து அறை பழைய மாதிரி கொதிப்பதில்லை. விடியற்காலையில் வோல்ட்டேஜ் இருக்கும்போது இரண்டு மணி நேரம் இருபத்தேழில் ஏசி போட்டு நிறுத்தினால், மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

"குடு" என்று காகிதத்தை வாங்கினான்.

"யோவ், நல்லா யோசிச்சியா?" என்றாள் அருணா. சண்டைக்குப் போனவளே அந்த நிமிடத்தில் பயந்துவிட்டாள்.

"அந்தப் பேனர்ல யோசிக்காமப் போட்டேன். இதுல யோசிச்சுட்டுத்தான் போடறேன்" என்று முதல் கையெழுத்தைப் போட்டான். கலியன் அடுத்தது. அப்புறம் நாலு பேர். கடைசி இருவர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு அருணா பெரியபாளையம் வழியாக பஸ் மாறித் திருவள்ளூர் போனாள். ஆய்வாளர் ஆபீசில் மூன்று மேசை சுற்ற விட்டார்கள். சீல் குத்தின நகல் கைக்கு வராமல் நகரமாட்டேன் என்று, மூன்றாவது மேசைக்கு எதிரே போய் நின்றாள். வாசலில் நின்று நின்று பழகின கால் அது. நாலு மணிக்கு நகல் வந்தது.

இரண்டு வாரம் லீவு முடிந்து தணிகைவேல் வேலைக்குப் போன அன்றே, அவனை உலைமேடையிலிருந்து மாற்றியிருந்தார்கள். பழைய இரும்பு கொட்டுகிற யார்டில் போட்டிருந்தார்கள். உடம்புக்காக என்று எழுதியிருந்தது. எதற்காக என்று எல்லாருக்கும் தெரியும். உலைமேடை அலவன்ஸ் கிடையாது. பதினாலு வருடக் கைவேலை கிடையாது. துருப்பிடித்த தகரத்தைப் பிரித்துக் குவிக்கிற வேலை.

"உன்னாலதான்னு சொல்லேன்யா ஒரு தடவ" என்றாள் அருணா.

"வெயில்தான் அடிக்குது அங்க. ஆனா காத்து வருது" என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "கலியன நெனச்சாத்தான். இன்னும் அங்கயே நின்னுகினு கீறான்" என்றான்.

அருணா தினமும் ஏழு மணிக்குப் பச்சைக் கோட்டோடு தெருவில் இறங்கினாள். ஏசியைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னாள், சுண்ணாம்புக் கணக்கையும் சொன்னாள். ஒன்பது வீட்டு மாடி வெள்ளையாயிற்று. முத்தம்மாள் வீட்டுக்கு ராஜமாணிக்கமே போய்க் கஞ்சி கலந்து கொடுத்தார். "இதுக்கெல்லாம் மானம் மாறாது. ஊடு குளுருது, அவ்ளோதான்" என்று அங்கேயும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் தணிகைவேல் யார்டிலிருந்து வந்து, குழாயடியில் நின்று முழங்கை வரை ஏறியிருந்த துருவைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். அருணாவின் போன் அடித்தது. கலியன் பேர். எடுத்தால் பேச்சில்லை, ஒரே இரைச்சல். அவளுக்கு அந்த விடிகாலைப் போன் ஞாபகம் வந்தது.

"கலியா! இன்னாச்சு? கலியா!"

இரைச்சலுக்குள்ளிருந்து அவன் கத்தினான். "கேக்குதா அண்ணி? திருவள்ளூர் ஆபீசர் வந்துட்டுப் போனாரு. நாலும் ஓடுது! ஃபேனுகிட்டதான் போனப் புடிச்சுகினு நிக்கிறேன்!"

அவள் ஓடிப்போய், ஈரக் கையோடு நின்றவன் காதில் போனை வைத்தாள். தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தண்ணீர் குழாயிலிருந்து விழுந்தபடியே இருந்தது. நெடுநேரம் கேட்டான். பிறகு போன் பக்கம் வாயைத் திருப்பி, உலைமேடையில் நின்று பேசுகிற பழைய குரலில் சத்தமாகச் சொன்னான்:

"மூணாவதுல பேரிங் கத்துது பாரு. மொதல்ல அதுக்குக் கிரீசு வை."